கழற்றாமல் விட்ட செயின்

1. காவலுக்கு வந்தவர்கள்

எண்பதுகளில் சேலையூர், மேடவாக்கம் பக்கம் தெருமுனைக் கைப்பம்பு மக்கர் செய்தால் ஏகாம்பரம் அண்ணனையும் என்னையும்தான் கூப்பிடுவார்கள். அவர் மேஸ்திரி, நான் பிட்டர். தொண்ணூறுகளில் அதே பம்பை மாட்ட ஒரு கம்பெனி எங்களை ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக்கு அனுப்பியது. பாலைவனம் என்று சொன்னார்கள். சண்டை நடக்கிறது என்று எந்தப் புண்ணியவானும் சொல்லவில்லை.

அங்கே துவாரெக் என்ற பாலைவன நாடோடி மக்களில் ஒரு சாரார் அரசை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியிருந்தார்கள். எங்களுக்குக் காவல் வந்தவர்களும் துவாரெக்தான். தங்கள் ஊர்களைத் தாங்களே காக்க, அரசு பக்கம் நின்ற குழு. தலைவர் இப்ராஹிம், தலைப்பாகைத் துணியால் வாயை மூடியிருப்பார். நான் சலாம் சொன்னதும் என் பெயரைக் கேட்டார். காசிம் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

2. பம்படியில்

கூடாரங்களுக்கு நடுவே பம்பு மாட்டி முடித்தோம். பழைய கிணறு வற்றிவிட்டதால் அந்த ஜனங்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது. மறுநாள் கிளம்ப வேண்டும். அப்போது இப்ராஹிம் ஏதோ சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதை அரைகுறை ஆங்கிலத்தில் சொல்ல, அண்ணன் எனக்குச் சொன்னார்.

"செயினைக் கழட்டிக்கினு வரணுமாம்டா. நம்ம போனப்புறம் அந்த சைடு ஆளுங்க வந்து தண்ணி புடிப்பானுங்களாம்."

"இங்க கீற பொம்பளைங்க, குழந்தைங்க?"

"அவங்களை டவுனுக்கு வரச் சொல்றாரு. இன்னா பண்றது, துப்பாக்கி அவராண்ட கீது."

ஹேண்டிலையும் உள்ளே இறங்கும் ராடையும் இணைப்பது அந்தச் செயின்தான்; அது இல்லாவிட்டால் தண்ணீர் ஏறாது. மூடியைத் திறந்து ஸ்பேனரை வைத்தேன். அப்போது கழுதையோடு ஒரு வயதான அம்மா வந்தார். இப்ராஹிம் சட்டென்று துணியைக் கண்வரை இழுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அவருடைய மாமியார். அங்கே மருமகன் மாமியார் முன்னால் முகம் காட்டவும் மாட்டான், எதிர்த்துப் பேசவும் மாட்டான். அந்த அம்மாவின் மகனோ எதிர்ப்பக்கத்தில்.

அந்த அம்மா மருமகனைப் பார்க்காமல் எங்களிடம் ஏதோ கேட்டார்.

"மூடி ஏன் தொறந்து கீதுன்னு கேக்குது" என்றார் அண்ணன்.

நான் இப்ராஹிமின் கண்களைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செக் பண்றோம், சரியா கீதுன்னு சொல்லுங்கண்ணா" என்று மூடியைப் பூட்டினேன். இப்ராஹிம் முகத்தைத் திருப்பியபடியே வந்து, அந்த அம்மாவின் தோல்பை நிறையும்வரை ஹேண்டிலை அடித்தார். மறுநாள் செயினைக் கழற்றாமலே கிளம்பினோம்.

3. மையித்து

சில வாரங்களில் எதிர்ப்பக்கத்தார் இப்ராஹிமைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சுட்டவர்கள் அந்தப் பம்பில்தான் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள்.

"அன்னிக்கே கழட்டியிருந்தா அந்தாளு பொழச்சிருப்பாரோ இன்னாவோ" என்றார் அண்ணன். எனக்கு அழுகைதான் வந்தது.

அந்தப் பம்படிக்கே திரும்பிப் போனோம்; கூடாரத்தில் மையித்தை, அதாவது அவர் உடலை, குளிப்பாட்ட நானும் நின்றேன். அவர் முகத்தை முழுசாக அன்றுதான் பார்த்தேன். அந்தப் பம்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வெளியே எட்டிப் பார்த்தால், ஹேண்டிலை அடித்துக்கொண்டிருந்தது அந்த மாமியார்.

4. சேலையூரில்

ஊர் திரும்பிய பின் ஒரு கோடையில் காலனி செக்ரெட்டரி கூப்பிட்டார்.

"காசிம், வெளி ஆளுங்க எல்லாம் வந்து தண்ணி புடிச்சிட்டுப் போறாங்க. நைட்ல செயினைக் கழட்டி வெச்சுக்கற மாதிரி பண்ணிக் குடுங்களேன்."

"செய்யலாம் சார், பெரிய வேலை இல்ல. நான் செய்ய மாட்டேன்."

"ஏன்?"

இன்றைய பிட்டர்களிடமும் யாராவது இப்படிச் செயினைக் கழற்றச் சொல்லிக் கேட்பார்கள். சண்டையில் இப்ராஹிம் கணக்கு தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பம்பு மாட்டுகிறவனுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். கடைசியில் யாருக்கு அந்தத் தண்ணீர் தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது.

"மூடியைத் தொறந்தா ஒரு முகம் ஞாபகம் வருது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்பேனரைப் பையில் போட்டேன்.