புலிகள் நாளில் பிறந்தவர்

புக்கிட் செலம்பாவில் சத்தியசீலனின் மளிகைக் கடையில் காலையில் முதலில் கிடைப்பது தேதிதான், ரொட்டியெல்லாம் அப்புறம். இரும்புக் கதவைத் தூக்கிவிட்டதும் வெள்ளைப் பலகையை வாசலில் சாய்த்து, கைப்பேசியைப் பார்த்து மூன்று வரி எழுதுவார்: இன்று என்ன நாள், அன்று என்ன நடந்தது, யார் பிறந்தது. செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை அணைக்காமலே காத்திருப்பார்கள்.

"இருங்கண்ணே, இன்னிக்கு என்ன நாளு தெரியுமா?"

"தெரிய வேணாம்லா. ரொட்டியக் குடு."

ஆகஸ்ட் 13 இடக்கைக்காரர்கள் நாள். மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று அன்று முழுக்க இடது கையாலேயே சாமான் நீட்டினார். எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் அக்கா சீனியை வாங்க மறுத்துவிட்டார். "ஏன்டா சீலா, சோத்தாங்கை என்ன வாடகைக்குப் போயிருக்கா?"

இவருடைய சொந்தத் தேதி ஜூலை 29. உலகப் புலிகள் நாள். பெரிய தொழிலதிபர் ஜே.ஆர்.டி. டாட்டா பிறந்ததும் அன்றுதான். "டாட்டாவும் நானும் ஒரே நாளுலா. வியாபாரம் ரத்தத்துலயே இருக்கு." டாட்டா விமானம் விட்டார். இவர் கடை ஐஸ்பெட்டியின் கதவு நான்கு வருடமாகக் கயிற்றில் நிற்கிறது.

இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்றும் வைத்திருந்தார். இவர் பிறந்த தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இவரோடு சேர்த்து ஆறு பேருக்கு அதே வருடம், அதே தேதி. அடையாள அட்டையான ஐசியில், பிறந்த தேதியைக் காட்டும் முதல் ஆறு எண்ணும் ஒன்றே. "ஒரே நாள்ல ஆறு புலி! உலகத்துல எங்கயாச்சும் உண்டா?" வருடா வருடம் மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டுப் புலிப்படம் போட்ட கேக் வெட்டுவார். அத்தனை பிரசவத்தையும் ஒரே நாளில் பார்த்த மருத்துவச்சிக்கு எத்தனை கை என்று அவர் யோசித்ததே இல்லை. கேக் தின்ற வாடிக்கைக்காரர்கள் எங்களுக்கும் தோன்றவில்லை.

இந்த வருடம் அறுபது. அவர் மனைவி யோகேஸ்வரி இதற்காக முப்பத்திரண்டு வருடமாகக் காத்திருந்தார். அவர்கள் கல்யாணத்தில் படம் எடுத்தவர் கேமராவில் பிலிம் போட மறந்துவிட்டார். தாலி ஏறிய நேரத்துக்கு ஒரு படம்கூட இல்லை. அறுபதாம் கல்யாணத்தில் மறுபடி தாலி ஏறும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று மாம்பழ நிறத்தில் பட்டும் வாங்கி வைத்திருந்தார். பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் செய்ய வேண்டிய சடங்கு அது. "ஆடி மாசமாச்சே?" என்று இழுத்த மனைவியை, கணினியில் எடுத்த ஜாதகத்தைக் காட்டி அடக்கினார் சத்தியசீலன். பத்திரிகையிலும் புலி போட்டார்.

அந்தப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு பாடாங் மேஹாவிலிருந்து வந்து இறங்கினார் அவருடைய அக்கா பிரேமாவதி. நான் ரொட்டிக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"டேய், நீ பொறந்தது தைப்பூசத்துக்கு மறுநாள்டா! அம்மா காவடி பாத்துட்டு வந்து படுத்தவங்க. நான்தான் சுடுதண்ணி வச்சேன். ஜூலைல தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி பெடோங் டவுனுக்குப் போனாரு. அந்த வருசம் பொறந்த புள்ளைங்க பேரையெல்லாம் அன்னிக்கே ஒண்ணாப் பதிஞ்சிட்டு வந்தாரு. அவரு போன தேதிதான் எல்லாருக்கும் பொறந்த தேதியாயிருச்சு."

"ஏங்கா இத முன்னயே சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட? எப்ப வந்தாலும் நீதான் சொல்லிக்கிட்டே இருப்ப."

தைப்பூசம் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. அறுபதுக்கு உரிய நட்சத்திரமும் அதோடு போயிற்று. இந்த வருடத் தைப்பூசத்துக்கு மறுநாள் பலகையில் டார்வின் பிறந்தநாள் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடப்பாவி மனுஷா!

அவர் அப்போதும் அசையவில்லை. "மண்டபம் புக் பண்ணியாச்சு. ஐசில இருக்கறதுதானே சட்டம்?"

யோகேஸ்வரி உள்ளேயிருந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. "கிராணி டவுனுக்குப் போன நாளுக்கு நான் எதுக்குங்க கழுத்த நீட்டணும்?"

மண்டபம் ரத்தானது.

ஜூலை 29 காலையில் பலகை வழக்கம்போல வாசலுக்கு வந்தது. புலியும் டாட்டாவும் ஏறியாயிற்று. மூன்றாவது வரிக்கு அவர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தபோது யோகேஸ்வரி மாம்பழப் பட்டில் வெளியே வந்தார். அவர் கையிலிருந்து மார்க்கரை வாங்கினார். புலியையும் டாட்டாவையும் பழந்துணியால் துடைத்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதினார்: 'இன்று கிராணி பெடோங் போன நாள்.' பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"ஒரு படம் எடுங்கண்ணே."

சத்தியசீலன் அவசரமாகத் தலைமுடியைக் கோதிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க தைப்பூசத்துக்கு வாங்க," என்றார் யோகேஸ்வரி, கேமராவைப் பார்த்தபடியே.

சத்தியசீலன் கீழே கிடந்த பழந்துணியை எடுத்துக்கொண்டு, படத்துக்கு வெளியே ஓர் அடி தள்ளி நின்றார்.