பாவாடை மடிப்புல வந்த பயறு

நான் வாயால சொல்றேன், எதிர் வீட்டு டீச்சரம்மா எழுதுறாங்க. எனக்குக் கையெழுத்தே கட்டை விரல்தான். டீச்சரம்மா, நான் பேச்சுவாக்குல எங்கயாவது போயிட்டா இழுத்துக் கொண்டாந்து விடுங்க. எனக்கு அந்தப் பழக்கம் உண்டு, சிரிக்காதீங்க.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. நாங்க பொறந்தது இலங்கையில, தேயிலைத் தோட்டத்துல கூலிக்காரங்க இருக்குற லயத்துல. அப்பா என்னைக் கூட்டிக்கிட்டுக் கப்பலேறி ராமேஸ்வரம் வந்துட்டாரு. தங்கச்சி அங்கயே கல்யாணம் ஆகித் தங்கிட்டா. அப்புறம் தோட்டத்துல கலவரம், லயத்துக்குத் தீ வெச்சாங்கன்னு, அவளும் அவ வீட்டுக்காரரும் வடக்க வன்னிப் பக்கம் போயி, காட்டை வெட்டி வெள்ளாமை பண்ணாங்க. எனக்கு வாய்ச்ச மாப்பிள்ளைக்குத் பூனா பக்கம் தேஹு ரோடுல மிலிட்டரி டிப்போவுல வேலை. ஒரு குவார்ட்டர்ஸ், பின்னாடி கட்டில் போடுற அளவுக்கு மண்ணு. அந்த மண்ணுல கூட நான் துணி காயப் போடத்தான் செஞ்சேன், ஒரு கொத்தமல்லி போட்டதில்ல.

தொண்ணூறுகள்ல அங்க சண்டைதான் சண்டை. போன் கிடையாது, ஒண்ணும் கிடையாது. டிவி செய்தி ஆரம்பிச்சா அடுப்பை அணைச்சுட்டு ஓடி வருவேன். ஹிந்திச் செய்தியில எங்க என் தங்கச்சி ஊரைச் சொல்லப் போறான்! அப்புறம் சண்டை கொஞ்ச காலம் நின்னுச்சு பாருங்க, அப்பதான் அவ வந்தா. அந்த வருஷப் பொங்கல் முடிஞ்ச கையோட, மெட்ராஸ்ல இருந்து ரயில்ல.

பூனா ஸ்டேஷன்ல இறங்குனவளை எனக்கு அடையாளமே தெரியல. அவதான் என்னைக் கண்டுபிடிச்சா.

"அக்கா! என்ன இப்படிக் குண்டாயிட்ட!"

"நீ எலும்பாயிட்டியேடி"ன்னேன். ரெண்டு பேரும் பிளாட்ஃபாரத்துலயே உக்காந்து அழுதோம், சிரிச்சோம். கூலிக்காரன் ஒருத்தன் மூட்டையைத் தூக்க வந்தான். கை வைக்க விடல அவ.

வீட்டுக்கு வந்தா மருமக சப்பாத்தி போட்டு வெச்சிருந்தா. மருமக அப்பதான் புதுசு, இங்க பக்கத்துலயே போசரில வளர்ந்த தமிழ்ப் பொண்ணு, பாதி ஹிந்தி பாதி தமிழ். தங்கச்சி தட்டுல ரெண்டு போட்டா ஒண்ணுதான் திம்பா. இன்னொண்ணு எங்க போகுதுன்னு தெரியல. ஒரு நாள் அவ தலகாணிக்கு எறும்பு வரிசை கட்டிப் போகுது. உறையைப் பிரிச்சா, காஞ்ச சப்பாத்தி, பொரி, வேர்க்கடலை, அப்பளம் கூட! எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு, "எங்க டிப்போவுல கூட இவ்ளோ ஸ்டாக் இல்லம்மா, உன்னைக் கொண்டுபோய்த்தான் வேலைக்குச் சேக்கணும்"னாரு. எல்லாரும் சிரிச்சோம். அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டுக் கேட்டா, "மச்சான், டிப்போவுல நீங்க என்ன ஸ்டாக் வைக்கிறீங்க?"

அவரு வாய் தவறி, "ஷெல்லு, குண்டு"ன்னுட்டாரு.

அவ அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டைத் தொடல. அவருந்தான். அதுக்கப்புறம் அந்த மனுஷன் வீட்டுல டிப்போ பேச்சே எடுக்கல.

கொஞ்சம் கொஞ்சமாத்தான் சொன்னா. நாத்து நட்டு முடிக்கவும் ஷெல் விழுமாம். ஓடுவாங்களாம். வேற ஊருல மரத்தடியில சாக்கு கட்டி இருப்பாங்களாம். அங்கயும் கொத்தி விதைப்பாங்களாம். உரம் கிடையாது, டீசல் கிடையாது, கிணத்துல கையால இறைச்சு ஊத்துறது. காய் காய்க்கற நேரத்துக்கு மறுபடி ஓட்டம். "நாங்க போட்டதை எவனோ திம்பான், எவனோ போட்டதை நாங்க திம்போம் அக்கா, கணக்கு சரியாப் போச்சு"ன்னு சொல்லி அவளே சிரிக்கிறா. எனக்குத்தான் சிரிப்பு வரல.

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டேன் டீச்சரம்மா. மருமக பாவம், நல்ல மனசுல, சின்ன மாமியாவோட துணியெல்லாம் எடுத்து வாளியில நிர்மா போட்டு ஊற வெச்சுட்டா. காலையில ஊற வெச்சது, குழாயில தண்ணி நின்னு போச்சு, சாயங்காலம்தான் அலசுனா. அலசும்போது பாவாடை நாடா கோக்குற மடிப்பு கொழுக்கட்டை மாதிரி உப்பியிருக்கு. "அத்தே, யே க்யா ஹை, என்ன இது?"ன்னு கத்துறா. தங்கச்சி ஓடி வந்தா. பாத்ததும் அப்படியே தரையில உக்காந்துட்டா.

உள்ள பயறு. நம்ம ஊருல காராமணின்னு சொல்லுவோமே, கடையில சவ்ளின்னு கேட்டாத் தருவாங்களே, அந்த ஜாதிதான். கை நீளத்துக்குக் காய்க்கும், அங்க பயித்தங்காய்ம்பாங்க. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் ஆடு, சட்டி பானை, நெல்லு மூட்டை எல்லாத்தையும் விட்டுட்டு இதை மட்டும் இடுப்புல தைச்சுக்கிட்டு ஓடியிருக்கா. "நெல்லைத் தூக்க முடியாது, பயறு உடம்போட வரும். எங்க இறங்குறமோ அங்க போட்டா ரெண்டு மாசத்துல கஞ்சிக்குக் காய்"னு சொல்லுவா. சண்டை நின்ன பிறகும் மடிப்புல இருந்து எடுக்க மனசு வரல அவளுக்கு.

மருமக அழறா, "மாஃப் கரோ சித்தி, மன்னிச்சிருங்க". தங்கச்சி கண்ணைத் தொடச்சுக்கிட்டா. "அழாத பிள்ளை. ஊறுனது ஊறுனதுதான், இனி முளைக்காம நிக்காது. மண்ணு எங்க இருக்கு?"

சோப்புத் தண்ணி போக அலசி, ஈரத் துணியில கட்டி வெச்சா. மறுநாள் பாதிக்கு முளை வந்துருச்சு. துணி காயப் போட்ட அந்த மண்ணை அவளே கொத்துனா. எங்க வீட்டுக்காரர் காயலான் கடைதான், இங்க கபாடிம்பாங்க, அங்க போய்ப் பழைய பெட்டிப் பலகை வாங்கிட்டு வந்து பந்தல் அடிச்சாரு. குண்டு வர்ற பெட்டிதான், பச்சைப் பெயின்ட்டு. அவ அதைத் தடவிப் பார்த்துட்டு, "ஏறட்டும் விடுங்க மச்சான்"னா.

அவ திரும்பற டிக்கெட்டை மாத்துனோம். கொடியில காய் காஞ்சு நெத்தாகி விதை எடுக்கற வரைக்கும் இருந்தா. அந்த வெயில் காலம் முழுக்க அவ எங்கூட! அரிசி களைஞ்ச தண்ணியெல்லாம் கொடிக்குத்தான். ஒரு பிஞ்சு கூடப் பறிக்க விடல. "ஒரு குழம்பாச்சும் வைக்கலாமே"ன்னு மருமக கெஞ்சுவா. "விதைக்குடி இது, விதைக்கு"ம்பா. அந்தத் துணி ஊறாம இருந்திருந்தா அவ மாசிலயே போயிருப்பா. நான் அந்த நிர்மா வாளிக்குக் கற்பூரம் காட்டாத குறைதான்.

போகும்போது பாதி விதையை அவ மடிப்புல தைச்சுக்கிட்டா. மீதியை எங்கிட்ட கொடுத்தா. "வருஷா வருஷம் போடு அக்கா. போடாம வெச்சிருந்தா செத்துப் போகும். என்னுது போச்சுன்னா உங்கிட்ட கேப்பேன்."

அப்புறம் திரும்பவும் சண்டை. இந்தத் தடவை ரொம்ப மோசம். எங்க வீட்டுக்காரர் ரிட்டையர் ஆகி, பூனாவுலயே விஷ்ராந்த்வாடில மகன் ஃப்ளாட்டுக்கு வந்துட்டோம். மண்ணு போச்சு. பால்கனியில பெயின்ட் டப்பா வெச்சுப் போட்டேன். அணில் தின்னும், பூச்சி விழும், ஒரு வருஷம் ஒரே ஒரு கொடிதான் தேறுச்சு. ஒரு காய் சமைக்கல நான். அவ விதை கேட்டா என்ன சொல்றது?

சண்டை எல்லாம் முடிஞ்சு, அகதி முகாம்ல இருந்து அவ போன் பண்ணா. குரல் கிழவி குரல்.

"அக்கா, விதையையும் அவிச்சுத் தின்னுட்டோம். பங்கருக்குள்ள பேரப்பிள்ளை பசின்னு அழுதான். மடிப்பைக் கிழிச்சுட்டேன்."

"எங்கிட்ட இருக்குடி. அப்படியே இருக்கு"ன்னேன்.

அப்புறம் சொன்னா, "ஆர்மிக்காரங்க எங்க நிலத்துக்குள்ள விட மாட்டேங்குறாங்க. இப்ப அனுப்பாத. அங்க பிஞ்சு இருக்கா? ஒரு கொடியை நெத்துக்கு விட்டுட்டு, மத்ததைப் பறிச்சு வதக்கிச் சாப்பிடு. எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு. சும்மா கேக்கணும் போல இருக்கு."

பறிச்சேன். தேங்காய் போட்டு வதக்கினேன். சுடுசோத்துல பிசைஞ்சு வாயில வெச்சேன். இறங்கல. ரெண்டு தடவை உப்பு போட்டிருக்கேன், அது வேற. ஆனாலும் சொல்றதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன், போனைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு.

அடுத்த போன் அவ மகதான் பண்ணுனா. "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க. காய்ச்சல், முகாம்லயே." அவளே சொல்றா, "அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க பெரியம்மா. காய் எப்படி இருந்துச்சுன்னு."

"இனிச்சுது கண்ணு"ன்னேன். "பிஞ்சு, நாரே இல்ல."

அந்தப் பக்கம் அழுகை. அழுதுக்கிட்டே கேக்குறா, "விதை இருக்கா பெரியம்மா? நிலத்தை விட்டா நான் போடுவேன்."

"இருக்கு. நீ கூப்பிடற அன்னிக்கு இருக்கும்."

அந்த வருஷத்து விதையை டப்பாவுல போட மனசு வரல. என் பாவாடை மடிப்புலயே வெச்சுத் தைச்சுட்டேன். மருமகளும் துணியை ஊறப் போடுறதுக்கு முன்னாடி, இப்பெல்லாம் என் நாடா மடிப்பை ஒரு தடவை தடவிப் பார்த்துட்டுத்தான் வாளியில போடுறா.