சுண்ணாம்புக் கோட்டு ஆஸ்பத்திரி

வடகரப்பதிப் பக்கம், மலையாளமும் தமிழும் கலந்து கேட்கும் எல்லையோரத்து எங்கள் ஊரில் முருங்கை இலை பச்சையாக இருப்பதை மழை பெய்த மறுநாள்தான் பார்க்கலாம். மற்ற நாட்களில் அது ஆலைத் தூசியின் நிறம். எங்களுக்கென்று ஒரு சின்ன ஆஸ்பத்திரி வருகிறது என்றதும் ஊரே கூடிவிட்டது.

அதற்குக் கட்டிட வரைபடம் போட கொச்சியிலிருந்து ஒரு இன்ஜினியர் சேச்சி வந்திருந்தார். காகிதத்தைக் காட்டினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று யாரோ அவரை எச்சரித்திருக்க வேண்டும். கட்டிடம் வரப்போகிற தரிசிலேயே சுண்ணாம்புப் பொடியால் அறை அறையாகக் கோடு போட்டு, எங்களை நோயாளிகளாக நடிக்கச் சொன்னார்.

“இது உங்க ஆஸ்பத்திரியாக்கும். நடந்து பாருங்க. எவிடே கஷ்டம்னு பறயணும்.” எங்கே சிரமம் என்று சொல்ல வேண்டுமாம்.

பள்ளி நாடகத்தில் மரமாக நின்ற அனுபவம் எனக்கு இருந்தது. கை ஒடிந்தவளாக நொண்டி நொண்டி நடந்து காட்டினேன். கை ஒடிந்தால் ஏன் நொண்ட வேண்டும் என்று கேட்டு மாமா சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்து, மூச்சு முட்டுகிறவளாக நடிக்க சேச்சி கை காட்டியது என் அத்தையை, அப்பாவின் தங்கையை. அத்தைக்கு நிஜமாகவே மூச்சிளைப்பு இருந்தது. வீட்டுப் பெரியவர்களைத் தவிர யாருக்கும் அது தெரியாது. எனக்கே ‘சளி’ என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளையின் அம்மாவே அன்று கூட்டத்தில் நின்றிருந்தார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

மூச்சுக்கு மருந்து பிடிக்கிற அறை கடைசி மூலையில் இருந்தது. சீட்டு வாங்குமிடம், மருந்து கொடுக்குமிடம் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். பாதி வழியில் ரோட்டில் ஒரு லாரி தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தொண்டையிலிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

அத்தை நிமிர்ந்து சிரித்தாள்.

“நல்லா நடிச்சனுங்களா?”

முதலில் கைதட்டியது சேச்சிதான். பிறகு எல்லோரும் தட்டினார்கள், மாப்பிள்ளையின் அம்மா உட்பட. சேச்சி கடைசி மூலைக் கோட்டைச் செருப்பால் அழித்துவிட்டு, அந்த அறையை வாசலை ஒட்டிப் போட்டார். ஆஸ்பத்திரி அப்படித்தான் கட்டப்பட்டது. அத்தையின் கல்யாணமும் அந்த மாப்பிள்ளையோடேயே நடந்தது.

அன்று எனக்கு வயிறெரிந்தது. சாயங்காலம் கண்ணாடி முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, அத்தை செய்ததையெல்லாம் செய்து பார்த்தேன். உட்காருவது வந்தது, திணறுவது வந்தது. அந்த விசில் மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை. வெட்கத்தை விட்டு அவளிடமே போனேன்.

“அத்தை, அந்தச் சத்தம் எப்படிங்க போடறது? எனக்கும் சொல்லிக் குடுங்க.”

அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “உனக்கு அது வரவே வேண்டாங் கண்ணு.”

திறமையைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று, நான் அன்று ராத்திரி முழுக்க அவளோடு பேசவில்லை.