ஜெபக் குறிப்பாக வந்த சோதனை

போன வருஷம் லெந்து என்கிற தவக்கால நாட்களில், புனே வானவடியில், எங்கள் எதிர் பிளாக்கில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் நடந்தது இது. என் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் பாதி ஆயுசு இங்கேயே ஓடிவிட்டது. லெந்து வந்துவிட்டால் எங்கள் தமிழ்ச் சபைக்காரர்கள் வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பாட்டு, வேதவாசிப்பு, அப்புறம் வரிசையாக ஒவ்வொருவரும் ஜெபம், கடைசியில் டீயும் புனே பலகாரமான பாகர்வடியும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வசதி உண்டு. அடுத்த வீட்டு விஷயத்தை லிஃப்ட் பக்கத்தில் நின்று பேசினால் அது புறணி, பாவம். அதையே கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே" என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டால் ஜெபக் குறிப்பு. எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள், யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் எங்களுக்கு ஜெபத்தின் வழியாகத்தான் தெரியவரும். நானும் கண்ணை மூடிக்கொண்டு காதை நன்றாகத் திறந்து வைத்திருக்கிறவள்தான், பொய் சொல்ல மாட்டேன்.

எதிர் பிளாக் அக்கா இந்த வித்தையில் கைதேர்ந்தவர். என் மகன் இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டபோது, ஆற்றமாட்டாமல் அவரிடம் மட்டும் சொல்லி அழுதேன். அந்த வாரக் கூட்டத்திலேயே, "படிப்பில் தோற்று வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிற அந்தத் தம்பியைத் தூக்கி எடுக்கணும் சுவாமி" என்று உருகி ஜெபித்துவிட்டார். பெயர் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? பிள்ளை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு அவன் ஜெபக்கூட்டம் என்றாலே அறைக்கதவைச் சாத்திக்கொள்வான். இப்போது ஒரு பேக்கரியில் நன்றாக வேலை செய்கிறான். என்றாலும் அந்த வேதனை எனக்குள் முள்ளாகவே கிடந்தது. அக்காவைப் பார்த்தால் சிரிப்பேன், உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

அப்படியிருக்கும்போது, ஒரு புதன்கிழமை நாத்தனாரைப் பார்க்கக் கராடிக்குப் போனேன். அங்கே ஒரு மாலில் டீ குடிக்கலாம் என்று மாடிக்கு ஏறினால், ஒரு மூலையில் அந்த அக்காவின் மகள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, மேஜைமேல் லேப்டாப் பை, முன்னால் ஆறிப்போன சாயா. பகல் பதினோரு மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டிய பிள்ளை. என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்ததும் அழ ஆரம்பித்தாள். கம்பெனியில் ஆட்களைக் குறைத்ததில் அவள் வேலையும் போய்விட்டதாம். வீட்டில் சொல்லத் தைரியம் இல்லாமல் தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, இங்கே வந்து உட்கார்ந்து வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"ஆன்ட்டி, மம்மிகிட்ட மத் போல்னா, சொல்லிடாதீங்க, ப்ளீஸ். மம்மி எல்லார்கிட்டயும் என்னைப் பத்தி ரொம்ப பெருமையா பேசறாங்க. நானே சொல்றேன், கொஞ்சம் டைம் மட்டும் குடுங்க."

சொல்ல மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குள் வந்தது பாருங்கள் ஒரு சந்தோஷம், அதை என்னவென்று சொல்ல! அந்தப் பிள்ளையின் அழுகை ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம், "மாட்டினாயா அக்கா" என்று மனசு குதியாட்டம் போட்டது. வீடு வந்து சேர்வதற்குள் ஜெபமே தயாராகிவிட்டது. பெயர் சொல்ல வேண்டாம். 'வேலையை இழந்து, பெற்றவர்களிடம் சொல்லப் பயந்து, கடை கடையாக உட்கார்ந்திருக்கிற ஒரு மகளுக்காக' என்றால் போதும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. நான் ஜெபம்தானே பண்ணினேன்? லெந்துக்குக் காப்பியை விட்டுவிட்டேன் என்று சபை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள், மனசுக்குள் இதைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம் அந்த அக்கா வீட்டில்தான். கூடம் நிறைய ஆட்கள். மகள் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் தன் வீட்டில் என்பதால் அக்காதான் ஜெபத்தை ஆரம்பித்தார். மகளுக்குக் கொடுத்த உயர்ந்த வேலைக்காகவும், வரப்போகிற பதவி உயர்வுக்காகவும் முன்கூட்டியே ஸ்தோத்திரம் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னும் நிலைக்கு வராமல் தடுமாறுகிற சில வீட்டுப் பிள்ளைகளையும் நினைத்தருளும்" என்று ஒரு வரியைச் சேர்த்து ஆமென் போட்டார். அடுத்து என் முறை.

என் காது இரண்டும் சூடாகிவிட்டது. யாரைச் சொல்கிறார் என்று அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பொறுத்தது போதும் என்று வாயைத் திறந்தேன். "ஆண்டவரே, இந்த வீட்டு மகளை..." என்று வார்த்தை வெளியே வந்தும்விட்டது. "ஆமென், ஆமென்" என்று நாலு பேர் மெல்லச் சொன்னார்கள்.

ஏன் கண்ணைத் திறந்தேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. எல்லோரும் கண்மூடித் தலைகுனிந்திருக்க, அவள் மட்டும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சக்கூட இல்லை. முடிந்தது நம் கதை என்கிற பார்வை. என் மகன் அன்றைக்கு என் பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்தானே, அதே பார்வை. இந்தப் பிள்ளைமேல் எனக்கு என்ன பகை? அம்மாவை அடிக்க மகளையா கையில் எடுப்பேன்? அதுவும் ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டு? சீ என்று ஆகிவிட்டது.

தொண்டைவரை வந்த மீதியை விழுங்கினேன். லேசில் இறங்கவில்லை. உள்ளுக்குள், இயேசப்பா, என் வாயைப் பிடித்துக்கொள்ளும் என்று கத்தினேன். அப்புறம் சத்தமாகச் சொன்னேன்.

"இந்த வீட்டு மகளை எனக்கும் ஒரு மகளாகக் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம். ஆமென்."

அவ்வளவுதான். நான் ஜெபித்தால் டீ ஆறிப்போகும் என்று பேர் வாங்கியவள். எல்லோரும் கண்ணைத் திறந்து, உடம்பு சரியில்லையா என்பதுபோல் பார்த்தார்கள். எனக்கோ உடம்பு பஞ்சாகப் பறந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது சத்தமாகவே பாடிக்கொண்டு வந்தேன், கேட் வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அந்த அக்கா, அழுது சிவந்த கண்ணோடு. மகள் ராத்திரியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஒங்களுக்கு மொதல்லயே தெரியும்லா? நேத்து அவ்வளவு பேரு முன்னால நான் அப்படிச் சொல்லியும், ஏன் ஜெபத்துல சொல்லாம விட்டிய?"

"ஆண்டவருக்குத் தெரியாத சங்கதியாக்கா? அவருக்கு நான் வேற எடுத்துச் சொல்லணுமா?" என்றேன்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தவர், நேராக என் மகன் அறைக்கதவைத் தட்டினார். அவன் வெளியே வந்ததும், "தம்பி, அன்னைக்கு ஜெபம்னு சொல்லி ஒன்னைய நாலு பேரு முன்னால நிறுத்திட்டேன். இந்த அத்தைய மன்னிச்சிருய்யா" என்றார். "இருக்கட்டும் அத்தை, அழாதீங்க" என்று அவன் சொல்லி, பேக்கரியிலிருந்து கொண்டுவந்திருந்த கேக்கை அவர் கையில் கொடுத்தான். நான் அடுப்படிக்குள் போய், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். அவ்வளவும் ஆனந்தம்.

அந்த அக்காவை ஒரு வார்த்தையில் தோற்கடித்திருப்பேன். வார்த்தை வாய்வரை வந்தும் இருந்தது. அதை விழுங்கிய அந்த ஒரு நிமிஷத்தில்தான், என் ஆயுசிலேயே முதல் தடவையாக, பிசாசு என்னிடம் தோற்று ஓடினதை என் கண்ணால் கண்டேன்.