இரண்டு மாதப் பவித்ராவின் நுரையீரல்

ஆபரேஷன் தியேட்டரில் ஏ.சி.யை அணைத்திருந்தோம். மாஸ்க்குக்குள் வியர்வை வழிந்து உதட்டில் உப்புக் கரித்தது... கைக்குழந்தைக்கு உடம்பு சில்லிட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்தப் புழுக்கம். கை கால்களைப் பஞ்சால் சுற்றிவிட்டது நான்தான்.

அடையாறில் ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் வருடம். குழந்தையின் பெயர் பவித்ரா. இரண்டு மாதம். அம்மா ரேவதி, தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை, வீடு மந்தைவெளி.

பவித்ராவின் இடது நுரையீரலில் மேல் பாகம் மட்டும் பலூன் மாதிரி ஊதிக்கொண்டே போனது. உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. நல்ல பாகத்தையும் இதயத்தையும் அது நெருக்கியது. வெட்டி எடுப்பது ஒன்றுதான் வழி.

மயக்கம் கொடுத்த கொஞ்ச நேரத்தில் நாடி இறங்க ஆரம்பித்தது...

"அழுத்திக் காத்து குடுக்காதீங்க டாக்டர், இன்னும் ஊதிடும். நான் ஓப்பன் பண்றேன்," என்று மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னார் சர்ஜன் மேடம்.

விலா எலும்புகளுக்கு நடுவே கீறியதும் ஊதிய பாகம் தானாக வெளியே பிதுங்கியது. நாடி ஏறியது. அதன்பிறகு மேடம் அவசரப்படவே இல்லை. நூல் போன்ற ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டினார். அந்தப் பாகத்தை எடுத்து என் கையிலிருந்த கிண்ணத்தில் வைத்தார். கனமே இல்லை.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. நிமோனியா. ஐந்தாம் நாள் காலை பவித்ரா போய்விட்டாள்.

மேடம் சொல்லக் கிளம்புவதற்குள் ரேவதியே ஐ.சி.யூ. வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் சின்ன டம்ளர். குழந்தைக்கு டியூபில் கொடுக்க, தினமும்போல எடுத்து வந்த தாய்ப்பால். மேடம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ரேவதி அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இத இன்னா பண்றது சிஸ்டர்?"

டம்ளரை வாங்கிக்கொண்டேன். அதைக் கீழே ஊற்றவும் வெகுநேரம் மனம் வரவில்லை...

இப்போது பல குழந்தைகளுக்கு விலாவை நீளமாகக் கீறுவதில்லை; மூன்று சின்னத் துளைகள், ஒரு கேமரா, பெரிய திரை. போன வாரம் ஒரு நான்கு மாதக் குழந்தை, நுரையீரலில் கட்டி. அப்படித்தான் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கிளம்பியது.

"தழும்பு தெரியுமா சிஸ்டர்?" என்று அதன் அம்மா கேட்டாள்.

"வளர வளர மறைஞ்சிடும்மா," என்றேன்.

பவித்ரா இருந்திருந்தால் இந்த வருடம் பிளஸ் டூ எழுதியிருப்பாள். விலாவில் நீளமாக ஒரு தழும்பு இருந்திருக்கும்...

இருந்துவிட்டுப் போகட்டுமே.