ஆத்தாளும் துபாஷியும்

துபாஷி வேலை என்பது துரைமாருக்கும் ஜனங்களுக்கும் நடுவே நின்று பாஷை மாற்றிச் சொல்லி, இரண்டு பக்கத்துத் திட்டையும் ஒருத்தனே வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை. இதில் மாட்டிக்கொண்ட மற்ற பாவிகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கோலார் தங்கச் சுரங்கம் பார்க்க ரயிலேறி வரும் துரைமாருக்குச் சுரங்கம் பார்த்து முடிந்ததும் பொழுது போகாது. ஊரைக் காட்டு என்பார்கள். நானும் ஆண்டர்சன்பேட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போவேன்.

டான்ஸ்

அன்று வெள்ளிக்கிழமை. பூசாரி முனுசாமிக்கு அருள் வந்து, ஜனங்கள் கைகட்டி வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இது என்ன?" என்றாள் ஒரு துரைசானி. சாமி ஆடுகிறது என்பதை அவசரத்தில் "டான்ஸ்" என்று சொல்லித் தொலைத்தேன். பூசாரி மயங்கி விழுந்ததும் வந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. துரைசானி விடவில்லை.

"ரொம்ப நன்றாயிருந்தது. இன்னொரு தரம் ஆடச் சொல்."

படப்பெட்டி

அடுத்து ஒரு துரை சாமி ஆடுவதைப் படம் பிடிக்க முக்காலியும் படப்பெட்டியுமாக வந்தார். வெள்ளிக்கிழமை வரை தங்கமாட்டாராம். தலையைச் சொறிந்துகொண்டு போய்ப் பூசாரியிடம் சொன்னேன். சுரங்கத்து விருந்தாளியை எப்படி மறுப்பது என்று அவரும் புதன்கிழமையே வேப்பிலையை எடுத்தார். உடம்பு உதற ஆரம்பித்த நேரத்தில் துரை கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, படம் கலங்கிவிடும், சாமியை அசையாமல் நிற்கச் சொல் என்றார். சொன்னேன். உதறல் நின்றது. கண்ணை மூடியபடியே பூசாரி மெதுவாகக் கேட்டார்.

"மூஞ்சி இந்தப் பக்கம் இருந்தா போதுங்களா?"

பொன்னம்மா

அதற்குப் பிறகு துரைமார் வந்த நாளெல்லாம் மாரியாத்தா பூசாரி மேல் வந்தாள். அவர்கள் வராத வெள்ளிக்கிழமைகளில் பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். "இன்னாவோ தெரியல, வரமாட்டேங்குது" என்பார். பொய் சொல்கிற ஆள் இல்லை. முகமே செத்துக் கிடந்தது.

பொன்னம்மாவின் புருஷன் சுரங்கத்து ஷாஃப்டில் பாறை சரிந்ததில் தப்பிப் பிழைத்தவன். திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இறங்குவதா, வேலூர்ப் பக்கம் ஊருக்கே போய்விடுவதா என்று ஆத்தாளைக் கேட்காமல் அவள் முடிவு பண்ணமாட்டாள். கோயிலில் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, துரைமார் தங்கும் பங்களா வாசலுக்கு என்னைத் தேடி வந்தாள். கோபமாவது பட்டிருக்கலாம். கும்பிட்டுக் கேட்டாள்.

"தொரைங்கள எப்பண்ணா இட்டுக்கினு வருவீங்க? நாளைக்கு எங்கூட்டுக்காரரு ஷிப்டுக்கு எறங்கணும். அதுக்குள்ள ஆத்தாகிட்ட கேக்கணும்."

துபாஷியாக வந்தவன் ஆத்தாளுக்கே நாள் குறிக்கிறவனாகிவிட்டேன், இந்த வெட்கக்கேட்டை எந்தப் பாஷையில் சொல்லி அழுவது?