கை ஓடாத பாலாறு

வலது கை ஆட்காட்டி விரலின் நுனியில் எனக்கு ஓர் ஆறு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சுவரிலோ மேசையிலோ அந்த விரலை ஓட்டினால், அது முதலில் தேடுவது சில மேடு பள்ளங்களைத்தான்: காய்ந்த வேப்பம்பட்டை போலச் சொரசொரத்து, இடையிடையே மிளகளவு முண்டுகளாகத் திரண்டு, ஓரங்களில் கத்தியால் வழித்த வெண்ணெய் போல மடிந்து நின்ற எண்ணெய்ச் சாயத்தை. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைவிடச் சற்றே பெரிய பலகை அது. அதில் பாலாறு இருந்தது. வரைந்தவள் என் அப்பாவின் தங்கை, ஸ்டெல்லா அத்தை. அவளை ஓவியர் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்ல ஒருவருக்கும் வாய்ப்பில்லாமல் போனதில் என் கை இருக்கிறது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தைத்து வரும் மேல்தோல்களை ஜோடி சேர்ப்பது அத்தையின் வேலை. இடது காலும் வலது காலும் வேறு வேறு தோலிலிருந்து வெட்டப்பட்டு வரும். இரண்டும் ஒரே பழுப்பாக இருக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் பழுப்பு என்றால் பழுப்பு. அவளுக்கு அதற்குள் ஆறிய டீ, புது வெல்லம், நனைந்த மணல், துருப்பிடித்த கீல் என்று பத்துப் பதினைந்து இருந்தன. தெருவில் யாராவது புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனால், "அய்ய, ரெண்டு காலும் ரெண்டு ஊராட்டம் இருக்குது பாரு" என்பாள்.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் ‘பஃபிங்’ செக்ஷன். தோலின் மேல் முகத்தில் இருக்கும் கீறல், முள் பட்ட தழும்பு, உண்ணி கடித்த குழி எல்லாவற்றையும் எமரித்தாள் சுற்றிய உருளையில் கொடுத்துத் தேய்த்துச் சமமாக்குகிற இடம். கண்ணிமையில் தோல்தூசியோடுதான் வீட்டுக்கு வருவார். தேய்ந்துபோன எமரித் துண்டுகளும் கூடவே வரும். எங்கள் தெருவில் எமரி இல்லாத வீடே கிடையாது. பானை அடியும் அருவாமனையும் கேரம் போர்டும் அதில்தான் பளபளத்தன. எதையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்வோம். வழுக்கிக்கொண்டு போனால் ‘கை ஓடுது’. தடுத்தால் ‘கை தட்டுது’. கை தட்டுகிற எதுவும் எங்களைப் பொறுத்தவரை வேலை முடியாத பொருள்.

அப்படிப்பட்ட தெருவுக்குத்தான் அந்தப் படம் வந்தது. அத்தைக்குப் பள்ளியில் படம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் மாற்றலாகிப் போகும்போது, பாதி தீர்ந்த சாயக் குழாய்கள் கொண்ட ஒரு மரப்பெட்டியை விட்டுப் போயிருந்தார். பல வருடம் கட்டிலுக்கடியில் கிடந்த அந்தப் பெட்டியை, ஒரு பங்குனி மாதம் விரிஞ்சிபுரத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோது அத்தை எடுத்துக்கொண்டாள். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு உறங்கிய மத்தியானத்தில் ஆற்றங்கரைப் புளியமரத்தின் கீழே உட்கார்ந்தவள், வெயில் சாயும் வரை எழுந்திருக்கவில்லை. கோயில் கோபுரம் ஒரே ஓர் இழுப்பு. மணல் ரோஸ் நிறம். வானமும் மரங்களின் நிழலும் கத்தரிப்பூ ஊதா. நடுவில் கயிறளவு ஓடிய தண்ணீரை மட்டும் மஞ்சளும் வெள்ளையுமாகக் குத்திக் குத்தி வைத்திருந்தாள்.

"மணலு எங்கனா ரோஸா இருக்குமா அத்தை?" என்று கேட்டேன்.

"இருக்குதே, இன்னா பண்ண சொல்ற?" என்றாள், தலையைத் திருப்பாமல்.

அப்பா அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, தடவினார். "இன்னா ஸ்டெல்லா, இப்டி கை தட்டுது? எங்க செக்ஷனுக்கு அனுப்பு, ரெண்டு ஓட்டு ஓட்டித் தர்றேன்" என்று சிரித்தார்.

"அனுப்பனா ஆறு இருக்காதுண்ணா. உன் தூசிதான் இருக்கும்."

நாங்கள் சின்னம்மா முறையில் ‘காலா’ என்று கூப்பிடும் எதிர்வீட்டு மும்தாஜ், மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே வந்து பார்த்து, "ஒண்ணும் தெரியலையே ஸ்டெல்லா, கொழந்த பெயிண்டைக் கொட்டினாப்ல இருக்குது" என்று போனவர், தன் வாசற்படியில் ஏறித் தற்செயலாகத் திரும்பினார். "அரே! தண்ணி ஓடுதே!" என்று அங்கிருந்தே கத்தினார். அன்றைக்கு முழுக்கத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக அந்தப் படியில் ஏறி நின்று எங்கள் வீட்டுக்குள் ஓடிய பாலாற்றைப் பார்த்தார்கள்.

அந்தப் படத்தைப் பற்றி அத்தை எழுதியதால்தான் அரக்கோணத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய சிஸ்டர் அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் இருந்தார். ஓவிய ஆசிரியை வேண்டும், தங்க இடம் உண்டு, சான்றிதழ் இல்லாததால் தன் கையால் வரைந்த படம் ஒன்றைக் கொண்டுவந்து திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் காட்டினால் போதும் என்று எழுதியிருந்தார். அத்தையிடம் இருந்தது ஒரே படம். பெட்டியில் சாயமும் ஒரு பெயர் எழுதும் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. அந்த வாரம் அவள் செய்தித்தாளில் பத்து முறை எழுதிப் பழகிவிட்டு, படத்தின் வலது மூலையில் மெல்லிய தூரிகையால் ‘ஸ்டெல்லா’ என்று எழுதினாள். எழுதியதை நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா நான் நடக்கப் பழகும் முன்பே இறந்துபோனவள். எனக்குத் தலை பின்னியதும் காய்ச்சலுக்குக் கஞ்சி ஊட்டியதும் அத்தைதான். "லீவுக்கு லீவு வருவேன், நீயும் ரயில்ல வரலாம்" என்றாள். நான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அத்தை ரவிக்கை வாங்கிவரத் தையல்காரரிடம் போயிருந்தாள், அப்பா உறங்கிக்கொண்டிருந்தார். நான் படத்தை இறக்கி மடியில் வைத்து, எமரித் துண்டு ஒன்றை எடுத்துத் தேய்த்தேன். அத்தை திரும்பி வந்தபோது, வானம் போயிருந்தது, கோபுரம் போயிருந்தது, தண்ணீரில் பாதியும் போயிருந்தது. என் பாவாடை முழுக்க ரோஸும் ஊதாவுமாகத் தூசி.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் அழுதபடி, "கை ஓடட்டும்னுதான் தேச்சேன்" என்றேன்.

அத்தை நடுவில் வந்து நின்றாள். "வுடுண்ணா. பாப்பா நல்லதுன்னு நெனச்சி பண்ணிடுச்சி. நீதான பஃபிங்குக்கு அனுப்புன்னு சொன்ன?" பிறகு படத்தைக் கையில் வாங்கி, செக்கிங் டேபிளில் பார்ப்பது போலவே வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, விரலால் ஒரு முறை தடவினாள். வலது மூலையில் விரல் நின்றது.

மறுநாள் அவள் அரக்கோணம் ரயிலைப் பிடிக்கவில்லை. கம்பெனி பஸ்ஸைப் பிடித்தாள். போகும் முன் எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னல் கொஞ்சம் இறுக்கமாக இருந்திருந்தால், ஒரு முடியாவது வலிக்க இழுபட்டிருந்தால், எனக்கு இத்தனை வருடம் இவ்வளவு பாரம் இருந்திருக்காது. வழக்கம்போலவே இருந்தது. சாயப் பெட்டியில் பிறகு ஊசியும் நூற்கண்டும் குடியேறின. வேறு சாயம் வாங்க அவள் முயலவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தக் கதையை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். எழுத வந்த பிறகு கூட்டங்களில், நண்பர்கள் வீட்டு விருந்துகளில், தோல் ஊர்க்காரர்களின் கூத்து என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். "ஓவியத்தையே பஃபிங் பண்ணிட்டேன்" என்ற இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. ஒவ்வொரு சிரிப்பும் என்னை மறுபடி ஒன்பது வயதாக்கி, ஒன்றும் அறியாத பிள்ளையாக்கி அனுப்பிவைத்தது.

போன மாதம் ஆம்பூருக்குப் போயிருந்தேன். அத்தைக்கு எழுபது வயதாகிறது, மகனோடு இருக்கிறாள். பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது என்று படத்தை எடுத்துக் கொடுத்தாள். "நீயே வெச்சிக்கோடி, இங்க ஈரம் ஜாஸ்தி." பாதி ஆறு, பாதி வெறும் பலகை. சட்டம் போட்டு மாட்டப்போகிறேன் என்றேன். பையிலிருந்து பேனாவை எடுத்து, "மூலைல உன் பேரை எழுதிக் கொடு அத்தை" என்று நீட்டினேன்.

அத்தை பேனாவை வாங்கவில்லை. படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள், அன்றைக்கு மாதிரியே.

"வானத்துல மேடு இருந்துச்சு, தேச்ச. கோபுரத்துல மேடு இருந்துச்சு, அதையும் தேச்ச. சரி" என்றாள். "பேரு எழுதன எடத்துல ஏதுடி மேடு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "டீ ஆறுது, குடி" என்று படத்தை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஆகவே, யாருக்கும் சொல்லாததை இங்கே சொல்கிறேன். முதல் இழுப்பு உண்மையிலேயே கை ஓட்டத்துக்காகத்தான், வானத்தில் இழுத்தேன். எமரி உடனே ஊதாவாயிற்று. அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது: இது பளபளக்காது, போய்விடும். படம் போனால் ரயில் போகும், ரயில் போனால் அத்தை இருப்பாள். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எமரித் துண்டைத் திருப்பி மடித்து, சாயம் ஏறாத புதுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, கண்ணாடி மாதிரி வழுவழுவென்றிருந்த அந்த வலது மூலைக்குப் போனேன். நான்கு எழுத்துக்கும் அதிக நேரம் பிடிக்கவில்லை. நாளெல்லாம் தோலின் முகத்தைப் படித்துப் பழகிய விரலுக்கு இது தெரியாமல் போகும் என்று நம்பியதுதான் என் ஒன்பது வயதின் ஒரே அறியாமை.

அப்பா இப்போது இல்லை. அவர் வேலை பார்த்த ஷாப்பின் மதில் மட்டும் நிற்கிறது; உள்ளே மண்டபம் கட்டியிருக்கிறார்கள். விரிஞ்சிபுரத்துப் புளியமரத்தைத் தேடிப் போனேன், அந்த இடத்தில் சீமைக்கருவேல் அடர்ந்து நிற்கிறது. அள்ளியது போக மிஞ்சிய மணல் சாம்பலாகத்தான் இருக்கிறது; ரோஸைப் பார்க்கத் தெரிந்த கண்களை நான்தான் பழுப்புக்கே திருப்பி அனுப்பினேன். படத்தை என் அறையில், வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறேன், மூலை வெறுமையாகவே. பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, "அட, தண்ணி ஓடுது, யார் வரைஞ்சது?" என்று கேட்கிறார்கள். பெயரைச் சொல்கிறேன். அவர்கள் கிட்டே வந்து, மூலையில் அந்தப் பெயரைத் தேடுகிறார்கள்.